வெளியே நிற்கும் வேட்பாளர்

ஹாலெட் தீவு, மெய்ன்
மே 6

வெர்னா அக்காவுக்கு,

நீ தபால் படகில் ஏறிய மறுநாள் இறங்கிய மூடுபனி இன்னும் எழும்பவில்லை. கையை நீட்டினால் விரல் தெரிவதில்லை. இது பொய்தான், விரல் தெரிகிறது. படகின் பின்பக்கம்தான் தெரிவதில்லை. நீ அங்கே நின்று சிங்கி இறால் கூண்டில் இரை கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து இரண்டு தரம் பேசிவிட்டேன். பதில் வராதபோதுதான் என் அக்கா கவர்னர் தேர்தலில் நிற்கப் போயிருக்கிறாள் என்பது நினைவுக்கு வருகிறது.

சண்டை போடாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியாது போலிருக்கிறது. கொட்டகைச் சுவரில் தொங்கிய பழைய கூண்டு மிதவைகள் ஒன்றுகூட இல்லை. முதலில் திருடன் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தீவுக்குத் திருடன் வந்தால் திரும்பிப் போக வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டும், அதுவரை அவனுக்குச் சோறு போடுவது யார்? லீட்டாவைக் கேட்டேன். கடை, தபாலாபீஸ், ஊர் எழுத்தர் வேலை மூன்றையும் பார்ப்பவளுக்குத் தெரியாமல் இங்கே என்ன நடக்கும்?

"உங்க அக்காதான் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனா. அக்கரையில ரோட்டோரமா தொங்க விடப் போறாளாம். தேர்தல் விளம்பரம்" என்றாள்.

வெள்ளை, நடுவில் நீலப் பட்டை, தலையில் ஆரஞ்சு. அப்பாவுக்குப் பிறகு என் லைசென்சில் ஏறிய நிறங்கள். தண்ணீரில் அதுதான் என் பெயர். என் பெயரை எடுத்து நீ டெலிபோன் கம்பத்தில் தொங்கவிடுகிறாய்.

மிதவை போனால் போகட்டும். என்னால் பொறுக்க முடியாதது வேறு. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு வெளியே விறகுக் குவியலோரம் போய் நிற்பார். உள்ளே கை தூக்கி எண்ணி முடித்து லீட்டா மணியடித்தால்தான் திரும்பி வருவார். உன்னை ஊர்த் தலைவி ஆக்கிய அன்று நீயும் பனியில் நின்று மூக்கு சிவந்து உள்ளே வந்தவள்தானே? "தனக்குத் தானே கை தூக்குறவனோட ஒரே படகுல போகாதே" என்று அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள்தானே? இப்போது நீ ஊர் ஊராகப் போய், முகம் தெரியாதவர்களிடம், எனக்குக் கை தூக்குங்கள் என்று கேட்கப் போகிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பேர் இழுக்கிற கூண்டை ஒருவன் இழுப்பது எப்படி என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓரின்

•

ஸ்டோனி ஹார்பர்
மே 15

தம்பி ஓரினுக்கு,

மிதவையை எடுத்தது நான்தான். கேட்டால் கொடுத்திருக்க மாட்டாய், அதனால் கேட்கவில்லை. அதற்குத் தண்டனை உடனே கிடைத்தது, சந்தோஷப்படு.

இந்தத் துறைமுகத்து மீனவர்கள் நான் தொங்கவிட்ட ஒவ்வொரு மிதவையிலும் கயிற்றைச் சுற்றி இரண்டு முடிச்சு போட்டுவிட்டார்கள். 'எங்கள் எல்லைக்குள் கூண்டு போடாதே, அடுத்த தடவை அறுத்துவிடுவோம்' என்று நாம் போடுவோமே, அதே முடிச்சு. கடலில் இல்லையடா, பெட்ரோல் பங்க் வாசலில். போட்டவனைத் தேடிப் பிடித்து, "இது தண்ணி இல்லப்பா, தார் ரோடு" என்றேன்.

"நிறம் நிறந்தாம்மா" என்றான் அவன். "இன்னிக்கு ரோட்டுல தொங்கும், நாளைக்கு எங்க குடாவுல மிதக்கும். தீவுக்காரங்கள எங்களுக்குத் தெரியாதா?"

பிறகு நான் எதற்காக நிற்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். கையெழுத்துப் போட்டான். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. எந்தக் கட்சியிலும் இல்லாதவர் பெயர் வாக்குச் சீட்டில் வர வேண்டுமானால் இப்படி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

அவனிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வீட்டில் நீ என்னைப் பேச விடவில்லை. குளிர்காலத்தில் தபால் படகை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைக்கப் போகிறார்கள் என்று காகிதம் வந்ததும் நான் தலைநகருக்குப் போனேன் அல்லவா? அங்கே ஒரு அதிகாரி, நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நீங்க எந்தக் கட்சிம்மா?" என்றார்.

"படகுக் கட்சி" என்றேன். சிரித்தார்.

"தீவுல மொத்தம் எத்தனை ஓட்டு?" என்றார். சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தப் பேனா மூடிய சத்தம் திரும்பி வருகிற வழி முழுக்க என் காதில் இருந்தது. படகு இல்லையென்றால் டீச்சர் இருக்க மாட்டாள். டீச்சர் இல்லையென்றால் பிள்ளைக்காரர்கள் இருக்க மாட்டார்கள். பிறகு நீயும் நானும் லீட்டாவும் மெர்டன் கிழவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாக வேண்டியதுதான்.

வெளியே நிற்பதைப் பற்றிச் சொன்னாய். உள்ளே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியும் என்றால் வெளியே நிற்கலாம். இங்கே என்னை யாருக்குத் தெரியும்? ஆனாலும் உனக்கு ஒரு ஆறுதல். 'எனக்கு ஓட்டுப் போடுங்கள்' என்ற அந்த வார்த்தை மட்டும் என் வாயில் வரவே மாட்டேன் என்கிறது. படகைப் பற்றிச் சொல்லிவிட்டு, "யோசிச்சுப் பாருங்க" என்று நகர்ந்துவிடுகிறேன்.

எப்போதும் வலிக்கிற உன் இடது கை எப்படி இருக்கிறது? இப்போது கேட்கிறேன்.

வெர்னா

•

ஹாலெட் தீவு
ஜூன் 22

அக்கா,

உன் பெயர் சீட்டில் வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்களாம். லீட்டா கடை வாசலில் நின்று கூவினாள். நான் வலது பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

இடது கையைக் கூண்டு இழுக்கிற வின்ச் கயிறு ஒருமுறை பிடித்து விட்டது. உடையவில்லை. வீங்கியிருக்கிறது. நீ இருந்தால் 'பார்த்து' என்று கத்தியிருப்பாய்; நான் 'தெரியும்' என்று கத்தியிருப்பேன்; கை தப்பியிருக்கும்.

நேற்று ஒரு கனவு. நம் படகு 'நெட்டி' தலைநகரின் பெரிய கட்டடத்துக்குள் போகிறது. உள்ளே எல்லாம் தண்ணீர், பச்சையாக, அசையாமல். குவிமாடத்துக்குக் கீழே நீ நின்று கூண்டு இழுக்கிறாய். ஒவ்வொரு கூண்டிலும் கோட்டுப் போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். நீ அளவுகோலை வைத்து அளந்து பார்த்து, "சின்னது" என்று ஒவ்வொருவனையும் திரும்பத் தண்ணீரில் போடுகிறாய். நான் சிரித்துக்கொண்டே விழித்தேன். பிறகு நாள் முழுக்க ஏனோ மனசு சரியில்லை.

அக்கரையிலிருந்து ஒருவன் வந்து படகைப் பார்த்துவிட்டுப் போனான். விலைக்குக் கேட்கிறான். நான் கூப்பிடவில்லை, அவனாகத்தான் வந்தான். ஒற்றை ஆள் படகு ஓட்டினால் காக்காய் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுகிறது.

ஓரின்

•

சிர் பண்ணை, வடக்கு எல்லை
ஜூலை 19

ஓரின் தம்பி,

விற்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மாநிலத்தின் தலையிலிருந்து கால் வரை நடக்கத் தொடங்கியிருக்கிறேன். கட்சிக்காரர்களிடம் கார் இருக்கிறது, என்னிடம் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. இருட்டுகிற நேரத்தில் எந்த வீடு வருகிறதோ அங்கே கதவைத் தட்டுகிறேன். யாரும் இதுவரை இல்லை என்று சொல்லவில்லை.

இது உருளைக்கிழங்கு நாடு. இப்போது பூத்திருக்கிறது. நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைப் பூ, மேடும் பள்ளமுமாக, காற்றில் மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது. விடிகாலையில் அதன்மேல் மூடுபனி படிந்துவிடுகிறது. நேற்று அந்தப் பனிக்குள் நடந்தபோது கால் தரையில் பாவவே இல்லை. ரோடு அலைபோலத் தூக்கித் தூக்கி இறக்கியது. எனக்குத் திசை தப்பிவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, பள்ளிக்கூட மணி கேட்கிறதா என்று காது கொடுத்தேன். நம் ஊரில் பனி இறங்கினால் கடைசிப் படகு வந்து சேரும் வரை லீட்டா அடித்துக்கொண்டே இருப்பாளே, அந்த மணி. கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துபோய் அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ. ஒரு டிராக்டர் வந்தது.

ஓட்டி வந்தவர் ஒக்டாவ் சிர். இந்த எல்லையில் எல்லாரும் வீட்டில் பிரெஞ்சுதான் பேசுகிறார்கள். "வழி தவறிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல, கவர்னர் தேர்தலுக்கு நிக்கிறேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். ஏறிக்கொள்ளச் சொன்னார்.

அவர் மனைவி லூசியென் கோதுமையில்லாத ஒரு மஞ்சள் ரொட்டி சுட்டுத் தந்தாள், ஒரு பக்கம் மட்டும் வேகவைத்தது, நிறைய வெண்ணெய். தின்றுகொண்டே படகைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்குப் படகு புரியவில்லை. "எங்க ஊர் ரயிலையும் இப்படித்தான் நிறுத்தினாங்க" என்றாள் லூசியென். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே தூங்கும்போது அலைச் சத்தம் கேட்கவில்லை என்பதே எனக்கு விழிப்பைக் கொடுத்துவிடுகிறது. கையில் ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தடவு. இரண்டு விரலுக்கு மேல் வீக்கம் ஏறினால் அக்கரைக்குப் போய் டாக்டரைப் பார்.

வெர்னா

•

ஹாலெட் தீவு
ஆகஸ்ட் 24

அக்கா,

தபால் படகில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். திறந்து பார்த்து எதுவும் எழுதாதே. பழைய மிதவை வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். ரோட்டில் தொங்கினாலும் என் நிறம் என் நிறம்தான், வெளுத்துத் தொங்கினால் எனக்குத்தான் அவமானம். அதனால் புதிதாகப் பூசினேன். நீலம் கொஞ்சம் கூடிவிட்டது.

இது உனக்கு ஆதரவு என்று அர்த்தம் இல்லை.

படகு கேட்டவன் மறுபடி வந்தான். நவம்பரில் சொல்கிறேன் என்றேன். அவன் உன்னைவிடப் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டான். "அக்கா ஜெயிச்சா குடுத்துடுவீங்க, அப்படித்தானே?" என்றான். ஆமாம் என்றேன். நீயும் தெரிந்துகொள். கவர்னர் தலைநகர் அகஸ்டாவில் இருக்க வேண்டும். நாலு வருஷம். இந்தக் கையை வைத்துக்கொண்டு நாலு வருஷம் தனியாக இழுக்க என்னால் முடியாது. வேறு ஆள் வைத்துப் பார்த்தேன், மெர்டன் கிழவரின் பேரனை. நல்ல பையன், நாள் முழுக்கப் பேசுகிறான். நீயும் நானும் மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசாமல் இழுப்போமே, அதை யாருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?

நீ தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு படுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓரின்

•

ஒரு காகித ஆலை ஊர்
செப்டம்பர் 9

ஓரின்,

படகில் பாதி என்னுடையது. என்னைக் கேட்காமல் ஆமாம் என்று சொல்ல நீ யார்? மிதவையை நான் கேட்காமல் எடுத்தேன் என்று குதித்தவன், படகையே கேட்காமல் கொடுக்கிறாய்.

இந்த ஊர் முழுக்க வெந்த முட்டைக்கோஸ் நாற்றம். கால் கொப்புளம் உடைந்துவிட்டது, முழங்கால் வீங்கி நொண்டுகிறேன். என்னை எதிர்த்து நிற்கிற இருவரில் பெரிய காது உள்ளவர், இங்கே என்னைப் பார்த்து, "முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். உண்மையாகவே அக்கறையாகக் கேட்டார். அக்கரையில் அவனவன் முழங்காலைக் கேட்கிறான், கூடப் பிறந்தவன் படகுக்கு விலை பேசுகிறான்.

நீலம் கூடவில்லை. அப்பா பூசிய நீலம் அதுதான். நீதான் இத்தனை வருஷமாகக் குறைத்துப் பூசிக்கொண்டிருந்தாய்.

வெர்னா

•

ஹாலெட் தீவு
அக்டோபர் 13

அக்கா,

உன்னிடம் பேசக் கூடாது என்று ஒரு மாதமாக வைராக்கியமாக இருந்தேன். நேற்று உடைந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் லீட்டா கடையில் ஊரே கூடியிருந்தது, நீ அந்த இருவரோடு டிவியில் பேசுவதைப் பார்க்க. நான் பார்க்க வரவில்லை, ஆணி வாங்க வந்தேன். ஆணியை வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றேன்.

நீ நன்றாகவே பேசினாய். வரவு செலவைப் பற்றி அவன் கேட்டபோது, "எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்களக் கேப்பேன்" என்றாயே, மெர்டன் கிழவர் தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு அந்த நிகழ்ச்சி நடத்துகிறவன் அரங்கத்தைப் பார்த்து, "இப்போதே கை தூக்கிக் காட்டுங்கள், இந்த மூவரில் யாருக்கு உங்கள் ஓட்டு?" என்றான். நீ எழுந்தாய். மைக்கைக் கழற்றி நாற்காலியில் வைத்தாய். நடந்து வெளியே போய்விட்டாய்.

டிவியில் உன் காலி நாற்காலியையே காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். "அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது" என்றான் நடத்துகிறவன். இங்கே கடையில் யாரும் சிரிக்கவில்லை. மெர்டன் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"வெளிய போய் நிக்கிறா" என்றாள் லீட்டா.

"கோட்டு எடுத்துக்கிட்டாளா?" என்றார் கிழவர்.

"இல்ல. நாற்காலிலயே கிடக்கு பாருங்க."

லீட்டா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. இத்தனை தூரம் தாண்டி உனக்கு அது கேட்காது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவள் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

நீ ஊர் ஊராகப் போய்க் கெட்டுப்போய்விட்டாய் என்று நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள். ஆனாலும் அக்கா, அது தேர்தல் இல்லை, வெறும் டிவி நிகழ்ச்சி. உட்கார்ந்திருக்கலாம்.

ஓரின்

•

லூயிஸ்டன்
அக்டோபர் 21

தம்பி,

யோசித்துச் செய்யவில்லை. கை தூக்குங்கள் என்று அவன் சொன்னதும் கால் தானாக எழுந்துவிட்டது. கதவைத் தாண்டிக் குளிர் முகத்தில் அடித்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. கார்கள் நிறுத்துகிற இடம். குப்பைத் தொட்டி ஓரமாக நின்றேன். விறகுக் குவியல் இல்லையே, என்ன செய்வது?

திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் யாரும் கூப்பிடாமல் எப்படி உள்ளே போவது? மழைத் தூறல். மஞ்சள் விளக்குகளைச் சுற்றி ஈரம் வளையம் வளையமாக நின்றது. கண்ணை மூடினேன். மணி கேட்டது ஓரின். நீ நம்பினால் நம்பு. எங்கேயோ ரயில்வே கேட் மணியாக இருக்கலாம், சர்ச்சாக இருக்கலாம். எனக்கு அது நம் மணியாகத்தான் கேட்டது. சரி, எண்ணி முடித்துவிட்டார்கள் என்று உள்ளே போனேன். விளக்கெல்லாம் அணைத்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் 'கோபக்கார வேட்பாளர்' என்று போட்டார்கள். ஒரு பெண் நிருபர் மட்டும் வந்து ஏன் என்று கேட்டாள், சொன்னேன், அதை அப்படியே எழுதிவிட்டாள். அதிலிருந்து ரோட்டில் கார்களை நிறுத்தி என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். தேர்தல் நாளன்று தெற்கு முனையில் இருக்க வேண்டும். ஊருக்கு வந்து போட முடியாது. லீட்டாவிடம் சொல்லி எனக்குத் தபால் ஓட்டுச் சீட்டு அனுப்பச் சொல்.

ஓரின், இப்போதெல்லாம் சில பேர் உண்மையாகவே நான் ஜெயிப்பேன் என்கிறார்கள். கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

வெர்னா

•

ஹாலெட் தீவு
நவம்பர் 9

அக்கா,

மூன்று பேரில் மூன்றாவதாக வந்திருக்கிறாய் என்று ரேடியோவில் கேட்டோம். மோசமில்லை என்கிறாள் லீட்டா. ஜெயித்தது அந்தப் பெரிய காதுக்காரராமே. கடற்கரை ஊர்களைக் கவனிக்க அவர் உனக்குத் தலைநகரில் ஒரு உத்தியோகம் தரப் போகிறார் என்றும் ரேடியோவில் சொன்னார்கள். நல்ல வேலை என்றால் ஒத்துக்கொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். தேர்தல் அன்று பனியும் மழையும் கலந்து அடித்தது. மெர்டன் கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். ஒருவர் பாக்கியில்லாமல் ஊரே போட்டது. சாயங்காலம் எல்லார் முன்னிலையிலும் லீட்டா பெட்டியைத் திறந்து, உன் தபால் ஓட்டையும் மற்றவற்றோடு கலந்து, ஒவ்வொன்றாகப் படித்தாள். வெர்னா, வெர்னா, வெர்னா என்று அலை மாதிரி வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொன்னார்கள். நடுவில் ஒரே ஒரு சீட்டு. பெரிய காதுக்காரர் பெயர். லீட்டா அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறு மாதமாக நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? "நான் போட மாட்டேன், போட மாட்டேன்" என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன். நான் இல்லை என்றேன். யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்தால் காபி தீர்ந்துவிடுகிறது. மெர்டன் கிழவர் என்னைப் பார்த்து, "கூடப் பொறந்தவளுக்கே முடிச்சுப் போட்டுட்டியேடா" என்றார். அவர் பேரன் படகுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

நீயும் நம்ப வேண்டாம். ஆனால் சொல்கிறேன். அன்று காலை படகு கேட்டவனுக்குப் பதில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஓட்டுப் போடப் போனேன். அக்கா ஜெயித்தால் வந்து எடுத்துக்கொள் என்று. பென்சிலைப் பிடித்தபோது நீ படகின் பின்பக்கம் நின்று மத்தியானம் வரை பேசாமல் இருப்பது கண்ணில் வந்தது. அதோடுதான் உன் பெயருக்கு நேரே கோடு போட்டேன். அப்பா மேல் ஆணை.

யார் அந்த ஒரு ஆள் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. ஊரில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், ஒருவர் மேலும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் நான்தான் தூக்கத்தில் போட்டுவிட்டேனோ என்றுகூட இருக்கிறது.

ஓரின்

•

கிட்டரி, தெற்கு முனை
நவம்பர் 15

ஓரின்,

நம்புகிறேன். நம்புவதற்கு எனக்கு ஆணை தேவையில்லை. அந்த ஓட்டு என்னுடையது.

லீட்டா அனுப்பிய சீட்டு மோட்டல் அறைக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, கார்கள் எல்லாம் கரையில் ஏற்றிய படகுகள் மாதிரி கிடந்தன. மேஜையில் உட்கார்ந்து பென்சிலைக் கூர்மையாக்கினேன். என் பெயர் அச்சில் இருந்தது. எத்தனை நடை நடந்து அதை அங்கே கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு நேரே கோடு போடக் கை போகவில்லை. தனக்குத் தானே கை தூக்குகிறவள் என்று அப்பா முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. சீட்டைக் காலியாக விட்டிருக்கலாம். ஆனால் அது ஓட்டை வீணாக்குவது, அதற்கும் அப்பா திட்டுவார். முழங்காலை விசாரித்தவருக்குப் போட்டேன்.

இது பாதிதான் ஓரின். உன்னிடம் மீதியையும் சொல்லிவிடுகிறேன். என் கோட்டின் கை மேஜைமேல் கிடந்தது. மே மாதத்திலிருந்து எத்தனை தரம் துவைத்தும் அதில் இரை நாற்றம் போகவில்லை. அது மூக்கில் ஏறியதும், நான் ஜெயித்துவிடுவேனோ என்று பயம் வந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. என்னை நம்பி ரோட்டில் கையைப் பிடித்தவர்கள், லூசியென், முடிச்சுப் போட்டவன், எல்லாரையும் நினைத்துக்கொண்டேதான் காதுக்காரர் பெயருக்கு நேரே கோடு போட்டேன். ஒரு ஓட்டில் எதுவும் மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் வெட்கம் குறையவில்லை.

நீ படகை விடத் துணிந்து எனக்குப் போட்டிருக்கிறாய். நான் படகுக்காக என்னையே விட்டிருக்கிறேன். நல்ல ஜோடி.

உத்தியோகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது கவர்னர் தொலைபேசியில் பேசினார். இந்தக் குளிர்காலத்தில் தபால் படகில் கை வைக்க மாட்டேன் என்றார். அடுத்த குளிர்காலம் பற்றிக் கேட்டேன். இருமினார். அந்த இருமலை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமைப் படகில் வருகிறேன். வந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன். உனக்கு ஒரு கோப்பை காபி ஊற்றச் சொல்கிறேன்.

வெர்னா

•

ஹாலெட் தீவு
நவம்பர் 19

அக்கா,

இந்தக் கடிதம் உன் படகு கிளம்புவதற்கு முன் அக்கரைக்கு வந்துவிட வேண்டும் என்று மீன் வாங்க வந்த படகுக்காரனிடம் கெஞ்சிக் கொடுக்கிறேன்.

கடையில் எதையும் சொல்லாதே. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லி, பனிமழையில் நனைந்து, உனக்குப் போட்டவர் மெர்டன் கிழவர். அவருக்கு இன்னும் எத்தனை குளிர்காலம் இருக்கிறதோ. 'நீயே உனக்குப் போடலையா' என்று அவர் உன்னைப் பார்த்துக் கேட்பதை நான் பார்க்க மாட்டேன். அவர்களுக்கு ஒரு துரோகி கிடைத்திருக்கிறான், அவன் நான்தான், எல்லாருக்கும் பழகிவிட்டது. என்னைத் திட்டுவதில் கிழவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்திருக்கிறது. காபி நான் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன். லீட்டா போடுவதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

படகு கேட்டவனுக்கு எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் ரப்பர் கோட்டு அதே ஆணியில் தொங்குகிறது. கை நாளுக்கு நாள் தேவலை. வெள்ளிக்கிழமை காற்று இல்லையென்றால் வடக்குப் பக்கக் கூண்டுகளை எடுத்துவிடலாம். மத்தியானம் வரை ஒன்றும் பேசாதே.

வியாழன் பனி இறங்கும் என்கிறார்கள். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் லீட்டாவிடமிருந்து கயிற்றை வாங்கி மணியை நான்தான் அடிக்கப் போகிறேன். ஏன் என்று அவள் கேட்பாள். பனி என்று சொல்லிக்கொள்கிறேன்.

எண்ணி முடித்தாயிற்று அக்கா. உள்ளே வா.

ஓரின்